மாப்பிள்ளை சாப்பிடவில்லை

பாம்பு வீட்டுக்குள் வந்த அன்று உலகம்மை அடுப்படி மேடை மேல் ஏறி நின்றுகொண்டாள். வயது நாற்பத்தொன்று. பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரே முறைப்பில் உட்கார வைக்கிறவள். அப்பேர்ப்பட்டவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிக்சிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நின்றதைப் பார்த்ததும், பெட்டியைச் சுமந்து வந்த நெல்லையப்பன் சிரித்துவிட்டான். சிரிக்கட்டும், அவனுக்கென்ன? பாம்பை வைத்துவிட்டு அவன் தன் வீட்டுக்குப் போய்விடுவான். கூட இருக்கப்போகிறவள் இவள்தானே.

"எறங்குங்கக்கா. விஷம் கெடையாது. குட்டை மலைப்பாம்பு. பயந்துட்டுன்னா தலையை உள்ள வச்சுப் பந்து மாதிரி சுருண்டுக்கிடும். அதனாலதான் பந்துப் பாம்புன்னு பேரு" என்றான் அவன்.

"அதுக்கும் பயம் உண்டா?"

"உங்களைவிட ஜாஸ்தி."

கூடத்தில் ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவள் கணவர் பிரம்மநாயகம். தபால் ஆபீசில் வேலை. போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது அவர் இருதயத்தைத் தொளதொளவென்று ஆக்கிவிட்டுப் போனது. செய்ய வேண்டிய வேலையில் மூன்றில் ஒரு பங்குதான் அது செய்கிறது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் இந்தப் பாம்புத் திட்டத்துக்கு அவர் பெயரைக் கொடுத்தார்கள். நெல்லையப்பன் அந்தக் கம்பெனியின் ஆள்.

"மலைப்பாம்பு ஒரு எலியை முழுங்கிட்டுன்னா, ரெண்டு மூணு நாளைல அதோட இருதயம் கிட்டத்தட்ட பாதிப் பங்கு பெருசாயிரும் அண்ணாச்சி. ஜீரணம் முடிஞ்சதும் தானா சுருங்கிரும். அந்த நாள்ல அதோட ரத்தத்துல ஒரு சத்து ஓடும். அதுதான் உங்களுக்கு மருந்து. இது உங்க உடம்பு அணுவை வச்சு மாத்தி வளர்த்த பாம்பு. இதோட சத்து உங்களுக்கு மட்டும்தான் சேரும்."

"கம்பெனியிலேயே வச்சு எடுத்துர வேண்டியதுதானே?" மேடை மேலிருந்து குரல் வந்தது.

"வச்சுப் பாத்தோம்க்கா. குட்டியில சாப்பிட்டுது. வளந்த பெறவு நூறு பாம்பை ஒரு எடத்துல வச்சா அரண்டுபோயி ஒண்ணும் வாயைத் தெறக்க மாட்டேங்கு. வீடுன்னா அமைதி. ஒரே ஒருத்தர் கை பழகணும். அண்ணாச்சி மட்டும் தொடக் கூடாது. தொட்டாவன்னா உடம்பு மருந்தை எதிர்த்துக்கிடும்."

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். உலகம்மை மேடையிலிருந்து இறங்கினாள்.

இதே பாம்பிடம் முன்பு எடுத்து, கம்பெனியில் மிச்சமிருந்த ஒரே ஊசியை அன்றே அவருக்குப் போட்டான். அது ஐந்து வாரம் தாங்கும். அதற்குள் பாம்பு ஒரு எலியாவது சாப்பிட வேண்டும். சாப்பிட்ட மூன்றாம் நாள் அவன் வந்து வாலிலிருந்து ரத்தம் எடுத்து, வடிகட்டி, அடுத்த ஊசி போடுவான். சாப்பிடாவிட்டால்? அதை அவன் சொல்லவில்லை. புத்தகத்தில் சிவப்பெழுத்தில் இருந்த ஒரு வரியை மட்டும் விரலால் தட்டிக் காட்டினான்: கை ஆடக் கூடாது.

"பயந்த கை வேர்க்கும், நடுங்கும். நாக்கை நீட்டியே அது கண்டுபிடிச்சிரும். தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தைரியமா இருங்க! கடையில் கிடைக்கிற சாமானா அது?

பிரம்மநாயகம் பாம்புக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். "வந்த நாளா ஒரு மூலையில சுருண்டு கெடக்கு. யாருகிட்டயும் பேச மாட்டேங்கு. சாப்பாட்டுக்கு முறுக்கிக்கிடும்னு வேற சொல்லுதான். மாப்பிள்ளை இல்லாம பெறவு என்ன?" என்றார். உலகம்மைக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி, ஒளிந்துகொள்ள ஒரு சட்டி, ஒரு தண்ணீர்க் கிண்ணம். சட்டிக்குள்ளிருந்து பழுப்பும் கறுப்புமாக ஒரு மடிப்பு தெரியும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் எதிர்ச்சுவரோடு ஒட்டி நடந்தாள்.

முதல் வாரம் தொடக் கூடாது. எட்டாம் நாளிலிருந்து தினம் பத்து நிமிஷம் கையில் வைத்திருக்க வேண்டும். மேலேயிருந்து பிடித்தால் பருந்து என்று நினைத்துப் பயந்துவிடுமாம். பக்கவாட்டில் கையை விட்டு, வயிற்றுக்கு அடியில் தாங்கித் தூக்க வேண்டும். உலகம்மை முருகா முருகா என்று கையை விட்டாள். வழுவழுவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. காய்ந்து, மெத்தென்று, மாவு கட்டிய துணிப்பை மாதிரி கனத்தது. அவள் கை பட்டதும் பாம்பு பந்தாகச் சுருண்டது. அந்தப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். வேர்வை முதுகில் ஓடியது.

சாப்பாடு என்றால் வாரத்துக்கு ஒரு தரம் உறைய வைத்த எலி. முட்டைகூட வாசற்படி தாண்டாத வீடு அது. எலிகளுக்கென்று வராந்தாவில் தனி ஃபிரீசர் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பசி எடுப்பது பொழுது சாயும்போதுதான். அதாவது விளக்கு வைக்கிற நேரத்தில்! உலகம்மை விளக்கை முன்கூட்டியே ஏற்றி, பூஜையறைக் கதவைச் சாத்திவிட்டு, எலியை வெந்நீரில் போட்டாள். போட்டவளுக்கு மனசு ஆறவில்லை. செத்த ஜீவன், வீட்டுக்குள் வருகிறது. ஒரு கரண்டி மஞ்சள்பொடியை அள்ளித் தண்ணீரில் கலக்கிவிட்டாள்.

நீள இடுக்கியில் தொங்கிய மஞ்சள் எலியைப் பார்த்து மாப்பிள்ளை நாலு தரம் நாக்கை நீட்டினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டிக்குள் போய்விட்டான்.

மறுநாள் சுடலைவடிவுக்கு போன் போட்டாள். வடிவு வண்ணார்பேட்டையில் கோழிக்கறிக் கடை வைத்திருப்பவள். கம்பெனி நடத்திய பயிற்சி வகுப்பில் பக்கத்து நாற்காலி. அவள் கணவர் இசக்கிமுத்துவுக்கும் இதே வியாதி, அவள் வீட்டிலும் ஒரு பாம்பு. ஒரு நாளைக்கு நூறு கோழி அறுக்கிறவள் பாம்பைக் காட்டிய அன்று நாற்காலி மேல் ஏறினாள்; உலகம்மைக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

"மஞ்சத் தண்ணியா? ஏட்டி, எலிக்குச் சடங்கு சுத்துனியா?" வடிவு சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "பந்தல் போட்டியா, புட்டு அவிச்சியா? அறிவு கெட்டவளே, அது மோப்பத்துல சாப்பிடுத ஜீவன். மஞ்ச வாடையில எலின்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க வீட்டுல சாப்பிட்டுட்டாக்கா?"

சிரிப்பு நின்றது. "எங்கட்டி... இடுக்கியை நீட்டுனாலே எனக்குக் கை உதறுது. தூரப் போட்டுட்டு ஓடியாந்துடுதேன். ராத்திரியெல்லாம் இவுக மூச்சு விடுதாவளான்னு மூக்குல கையை வச்சுப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

"நானும்தான்" என்றாள் உலகம்மை.

அடுத்த வாரம் மஞ்சள் இல்லாமல் எலியைக் காய்ச்சல் உடம்பு போலச் சூடாக்கிக் கொண்டுபோனாள். பெட்டியைத் திறந்ததும் மாப்பிள்ளை தலையைத் தூக்கினான். அவ்வளவுதான். இடுக்கியும் எலியும் ஒரு பக்கம் விழ, உலகம்மை இன்னொரு பக்கம் ஓடினாள். திரும்பிவந்து பார்த்தபோது பாம்பு பந்தாகிக் கிடந்தது. பதினைந்து நாள் போய்விட்டது. பிரம்மநாயகத்துக்குக் கணுக்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே தூங்கினார்.

நெல்லையப்பன் ஒரு சின்ன டப்பாவோடு வந்தான். உள்ளே தோல் நிறத்தில் பிளாஸ்திரிகள், பொட்டு அளவுக்கு.

"காதுக்குப் பின்னால ஒட்டிக்கிடுங்க. கால் மணி நேரத்துல பயம் போயிரும். எடுத்துட்டா அரை மணி நேரத்துல பழையபடி ஆயிரும். எல்லா வீட்டுக்கும் குடுத்துட்டோம். வண்ணார்பேட்டை அக்கா போட்டுக்கிட்டாவ, இப்ப பாம்பைத் தோள்ல போட்டுக்கிட்டுச் சமைக்காவ."

உலகம்மை டப்பாவைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள்.

இருபத்திரண்டாம் நாள் ஒட்டிக்கொண்டாள். என்ன சொல்ல! கைவேர்வை நின்றது. நெஞ்சுப் படபடப்பு நின்றது. பாம்பு என்றால் பாம்பு, அவ்வளவுதான். அதன் முகம்கூட அழகாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. எலியை இடுக்கியில் பிடித்து, புத்தகத்தில் போட்டிருந்தபடி ஒரு அசைவு இல்லாமல் பாம்பின் முன் நீட்டினாள். மாப்பிள்ளை பார்த்தான். அவளும் பார்த்தாள். இருபது நிமிஷம். கை மரத்தூணாட்டம் நின்றது. மாப்பிள்ளை மெதுவாக எலியைத் தாண்டி ஊர்ந்துபோய்த் தண்ணீர் குடித்தான்.

அப்போது கூடத்திலிருந்து பிரம்மநாயகம் கூப்பிட்டார். "உலகு..."

குரலில் மூச்சே இல்லை. அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. அத்தானுக்கு மூச்சு முட்டுகிறது, இடுக்கியைக் கழுவிவிட்டுப் போகலாம் என்று நினைத்துக்கொண்டாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்தாள். ஆணியில் மாட்டினாள். எலியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள். மறுபடி கை கழுவினாள். கூடத்துக்கு வந்தபோது அவர் தரையில் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கழன்று போன ஆக்சிஜன் குழாயைத் தேடி விரல்கள் தரையைத் துழாவிக்கொண்டிருந்தன. அவள் குனிந்து குழாயை மாட்டிவிட்டாள். அவர் நெஞ்சு மேலும் கீழும் போவதைப் பார்த்தாள். சரியாகிவிட்டது என்று எண்ணி, பிளாஸ்திரியை உரித்துப் போட்டாள்.

அரை மணி நேரம் கழித்துப் பயம் மொத்தமாக வந்தது. எட்டு நிமிஷம். அவர் கூப்பிட்டதற்கும் இவள் போனதற்கும் நடுவே எட்டு நிமிஷம். கணக்கு டீச்சர் அல்லவா, அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்தது நினைவிருந்தது. ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். அவர் காலடியில் விழுந்து, "அத்தான், நான் கேட்டேன், கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்" என்று கதறினாள்.

அவர் திட்டவில்லை. அவள் தலையில் கையை வைத்தார்.

"நீ வந்தட்டி. வரலன்னு சொல்லல. ஆனா நடந்து வந்த" என்றார். "பதினெட்டு வருசத்துல நான் இருமுனாகூட நீ ஓடியாருவ. நீ நடந்து வந்ததைப் பாத்ததும்தான் எனக்குப் பயம் வந்துது."

பாம்புக்குப் பயப்படுகிற பயம் தனி, புருஷனுக்குப் பயப்படுகிற பயம் தனி என்று அந்தப் பிளாஸ்திரிக்கு யார் சொல்லிக்கொடுப்பது? டப்பாவை அப்படியே குப்பையில் கொட்டினாள்.

இருபத்தொன்பதாம் நாள் வந்தது. அதை விட்டால் ரத்தம் எடுத்து ஊசி போட நாள் பற்றாது. விளக்கை ஏற்றினாள். எலியைச் சூடாக்கினாள். பிரம்மநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டு அறை வாசலில் உட்கார்ந்தார். "விழுந்தா விழட்டும், ஓடுனா ஓடு. நான் இங்கதான் இருக்கேன்" என்றார். அவர் பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு விசில் அடித்தது. அது காதில் விழ விழ உலகம்மைக்குப் பயம் ஏறியது. பாம்பு கடித்துவிடும் என்ற பயம், கடிக்காமல் திரும்பிக்கொள்ளும் என்ற பயம், இந்த விசில் நின்றுபோகும் என்ற பயம். எது எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

இடுக்கியை இரண்டு கையாலும் பிடித்தாள். கை ஆடியது. தோள் ஆடியது. பல் கிட்டித்தது. இடுக்கி முனையில் செத்த எலி கிடுகிடுவென்று துள்ளியது. கை ஆடக் கூடாது, கை ஆடக் கூடாது என்று சொல்லச் சொல்ல இன்னும் ஆடியது. கண்ணில் நீர் நிறைந்து பெட்டியே மங்கிப்போயிற்று.

சட்டிக்குள்ளிருந்து தலை வந்தது. கழுத்து பின்னுக்கு மடிந்தது. நாக்கு நின்றது.

அவள் பார்க்கவே இல்லை. படீரென்று ஒரு இழுப்பு. இடுக்கி கையை விட்டுப் போனது. "ஐயோ அத்தான்!" என்று அலறிக்கொண்டு அவர் மடிமேலேயே போய் விழுந்தாள். எட்டிப் பார்த்தால், எலியை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை. கால் மணி நேரத்தில் வால் நுனிகூடத் தெரியாமல் விழுங்கி முடித்தான்.

"செத்த எலிக்கு உசுரு குடுத்துட்டியேட்டி. நீ உதறுன உதறல்ல எனக்கே அது ஓடுதுன்னு தோணுச்சு" என்றார் அவர்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அசையாமல் நீட்டிய எலி பாம்புக்கு எலியே இல்லை. கிடக்கிற கட்டை. ஓடுவது, நடுங்குவது, உயிருக்குப் பயப்படுவதுதான் எலி. புத்தகத்தில் சிவப்பெழுத்தில் போட்டிருந்ததே தப்பு.

உடனே வடிவுக்கு போன் போட்டாள். "அக்கா, ஆட்டணும்! ஆட்டுனாத்தான் சாப்பிடுது! பிளாஸ்திரியைக் கழத்திப் போட்டுட்டு, உதறுத கையோடவே புடிங்க. எங்க மாப்பிள்ளை சாப்பிட்டுட்டான்!"

"அப்படியா" என்றாள் வடிவு. "நல்லது உலகு."

"இசக்கி அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

"இருக்காவ. மூச்சு கொஞ்சம் சரியில்ல."

"இன்னைக்கே ஆட்டிப் பாருங்கக்கா. நாள் இல்லியே!"

"பாப்போம். துணி காயப் போடணும்" என்று வடிவு போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் நெல்லையப்பன் வந்து ரத்தம் எடுத்தான். உலகம்மை சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான். "குட்டியில கம்பெனியில உசுருள்ள எலியைப் போட்டுத்தான் வளர்த்தாவ. அது தானா ஓடும், யாரும் ஆட்ட வேண்டியதில்ல. வீட்டுக்குச் செத்த எலி குடுத்தப்ப இதை யாரும் யோசிக்கல போலிருக்கு" என்றான். "வீட்டுக்காரங்க கை ஆடுது, அதான் சாப்பிடலன்னு எழுதிட்டாவ."

"அப்ப புத்தகத்தை மாத்துங்க. இன்னைக்கே எல்லா வீட்டுக்கும் சொல்லுங்க."

"மேல கேட்டுட்டுத்தான்க்கா சொல்லணும்."

"மேல கேட்டுட்டா? ஒங்க வீட்டுல ஒருத்தர் இப்படி மூச்சு முட்டிக் கெடந்தா மேல கேப்பியளா?"

அவன் ரத்தத்தை வடிகட்டினான். ஊசி போட்டான். ஒரு வாரத்தில் பிரம்மநாயகத்தின் கால் வீக்கம் வடிந்தது. வாசல் வரை நடந்துபோய்த் தானே பால் வாங்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடிவு வந்தாள். கையில் ஒரு ஐஸ் பெட்டி. பளிச்சென்று முகம் கழுவித் தலைவாரியிருந்தாள். கழுத்து மட்டும் வெறுமையாக இருந்தது.

"இதுல இருபது எலி இருக்கு உலகு. எங்க வீட்டுல இனி வேண்டாம். உனக்கு ஆகும்லான்னு கொண்டாந்தேன்."

"ஏன்க்கா?" கேட்டுவிட்டுத்தான் உலகம்மை அந்தக் கழுத்தைப் பார்த்தாள்.

"இவுக செவ்வாய்க்கிழமை போயிட்டாவ" என்றாள் வடிவு. வெயில் ஜாஸ்தியாகிவிட்டது என்று சொல்கிற குரல். காதுக்குப் பின்னால் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

பதினாறு கழியாமல் வாசற்படி தாண்டக் கூடாது. சொந்த பந்தமெல்லாம் அந்த வீட்டில் நிறைந்திருக்கும். அத்தனை பேரையும் கடந்து இவள் ஐஸ் பெட்டியோடு ஆட்டோ ஏறி வந்திருக்கிறாள். உலகம்மை அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நான் சொன்னேனே அக்கா. ஆட்டச் சொன்னேனே."

"சொன்ன. எனக்கு நெனவிருக்கு. செய்யணும்னு தோணல" என்றாள் வடிவு. "எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்காவ. கொழுந்தன் பொண்டாட்டி என் முகத்துக்கு நேராவே கேட்டுட்டா, கல்லு முழுங்குன மாதிரி இருக்கீகளேன்னு. அழணும்னு தெரியுது. வர மாட்டேங்கு. இதை எடுக்கணும்னும் தெரியுது. கை அங்க போகவே மாட்டேங்கு. நீ எடுத்துவிடுதியா?"

உலகம்மை கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாம் உலகு. பாவம், கொஞ்ச நாள் இப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அவர் மெல்ல.

பாம்புக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமா? இந்தப் பொட்டு அளவுப் பிளாஸ்திரியைத் தொட உலகம்மை பயந்த மாதிரி அவள் வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எட்டு நிமிஷத்துக்கே வாந்தி எடுத்தவள் அவள். ஆனால் ஒருத்தி தன் புருஷனுக்கு அழுகிற அழுகையைக்கூட ஒரு கம்பெனி பிடித்து வைத்துக்கொள்ளலாமா? நடுங்குகிற விரலால் உரித்தாள். வடிவுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வடிவு பேசிக்கொண்டே இருந்தாள். கடையை மச்சினன் பார்த்துக்கொள்கிறானாம். பாம்பைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். இருபது எலியும் நல்ல எலி, ஃபிரீசர் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பிரம்மநாயகம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"...செவ்வாய்க்கிழமை நான் மாவு ஆட்டிக்கிட்டு இருந்தேன். கிரைண்டர் சத்தம். கழுவி ஊத்திட்டுப் போலாம்னு..."

பேச்சு நின்றது. உலகம்மையின் கைக்குள் இருந்த கை ஆட ஆரம்பித்தது.

"ஏட்டி" என்றாள் வடிவு. "அவுக கூப்பிட்டாவட்டி. ரெண்டு தரம் கூப்பிட்டாவ."